எரியறையில் சேரும் வெப்பம்: நான்கு கணக்கு வழிகளில் எதை எடுப்பது?

கேஸ் டர்பைன் கணக்குக்கு உட்காரும் எவரும் முதல் பக்கத்திலேயே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார்கள். அது ஒரு முடிவு என்றே பலருக்குத் தெரிவதில்லை. கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று எரியறைக்குள் நுழைகிறது, எரிபொருள் எரிகிறது, சூடான வாயு டர்பைனுக்குப் போகிறது. நடுவில் எவ்வளவு வெப்பம் சேர்ந்தது? காற்றின் தன்வெப்பம் (ஒரு கிலோவை ஒரு கெல்வின் சூடேற்ற ஆகும் கிலோஜூல்) 1.005 என்று வைத்து, வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கிவிட்டு, கை அடுத்த வரிக்குப் போய்விடும். அந்த ஒரு வரியால் எரிபொருள் செலவு உண்மையைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து தெரியலாம்.

இந்தக் கணக்கைப் போட நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. குளிர்ந்த காற்றின் தன்வெப்பத்தையே எல்லா இடத்திலும் வைத்துக்கொள்வது முதல் வழி. காற்றுக்கான என்தால்பி அட்டவணையைப் புரட்டுவது இரண்டாவது. காற்றுக்கு ஒன்று, எரிந்த வாயுவுக்கு ஒன்று என இரண்டு மாறிலிகளை வைத்துக்கொள்வது மூன்றாவது. வாயுவின் வேதியியல் கலவையையே பிரித்து, ஒவ்வொரு கூறின் என்தால்பியையும் கூட்டுவது நான்காவது. நான்கையும் ஒரே எடுத்துக்காட்டில் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

எடுத்துக்காட்டு இதுதான். வெளிக்காற்று 288 கெல்வின், அழுத்த விகிதம் (கம்ப்ரசர் காற்றின் அழுத்தத்தை எத்தனை மடங்காக்குகிறது என்பது) 16. எரியறைக்குள் காற்று 700 கெல்வினில், அதாவது 427 டிகிரி செல்சியஸில் நுழைகிறது. வெளியேறும் வாயு 1500 கெல்வின், 1227 டிகிரி செல்சியஸ். எரிபொருள் 25 டிகிரியில் வரும் மீத்தேன். அதன் நிகரக் கலோரி மதிப்பு, அதாவது எரியும்போது உண்டாகும் நீர் ஆவியாகவே போனால் கிடைக்கும் வெப்பம், கிலோவுக்கு 50 மெகாஜூல். கேள்வி: ஒரு கிலோ காற்றுக்கு எத்தனை கிராம் எரிபொருள் வேண்டும்?

## எரியறை ஹீட்டர் அல்ல

எரியறையில் தண்டு எதுவும் சுழல்வதில்லை, வேலை எதுவும் வெளியே எடுக்கப்படுவதில்லை. வாயு தொடர்ந்து பாய்ந்துகொண்டே இருப்பதால், உள் ஆற்றலை மட்டும் பார்த்தால் போதாது. வாயுவை உள்ளே தள்ளவும் வெளியே தள்ளவும் ஆகும் வேலையும் சேர வேண்டும். இரண்டும் சேர்ந்ததுதான் என்தால்பி. அதனால்தான் இங்கே கணக்கு என்தால்பியில் நடக்கிறது. வேகமாகப் பாயும் வாயுவின் இயக்க ஆற்றலையும் சேர்த்து, தேக்க நிலை (பாயும் வாயுவை நிறுத்தினால் இருக்கும் நிலை) மதிப்புகளில் எழுதிவிட்டால் சமன்பாடு சுத்தமாக நிற்கும்.

இதுவரை எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. பலர் வேகமாகக் கடந்துபோவது அடுத்த விஷயத்தை. எரியறைக்கு வெளியிலிருந்து யாரும் வெப்பம் ஊட்டுவதில்லை. சுவர் வழியாகக் கசிவதை விட்டுவிட்டால், அது வெப்பம் உள்ளேயும் வராத, வெளியேயும் போகாத ஒரு பெட்டி. உள்ளே போகும் காற்றும் எரிபொருளும் தங்கள் வேதி ஆற்றலோடு சேர்த்துக் கொண்டுவந்த என்தால்பிதான் வெளியே வரும் வாயுவின் என்தால்பி. மொத்தம் மாறுவதே இல்லை. மூலக்கூறுகள்தான் மாறுகின்றன. மீத்தேனும் ஆக்சிஜனும் மறைந்து, கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் உண்டாகின்றன.

"வெப்பச் சேர்ப்பு" என்று நாம் சொல்வது, இந்த வேதிவினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஹீட்டரை வைத்துப் பார்க்கும் வசதியான பாவனை. பாவனையில் தவறில்லை. ஆனால் நான்கு வழிகளில் எது எவ்வளவு பிசகுகிறது என்பது, பெரும்பாலும் அந்தப் பாவனையை எவ்வளவு தூரம் நம்புகிறது என்பதைப் பொறுத்தே இருக்கிறது. தசம இடங்களின் எண்ணிக்கைக்கு இதில் பெரிய பங்கில்லை.

## ஒரே தன்வெப்பம்

800 கெல்வின் வித்தியாசத்தை 1.005-ஆல் பெருக்கினால் கிலோவுக்கு 804 கிலோஜூல். 50 மெகாஜூலால் வகுத்தால் ஒரு கிலோ காற்றுக்கு 16.1 கிராம் மீத்தேன்.

1.005 என்பது 300 கெல்வின் அருகே இருக்கும் காற்றின் தன்வெப்பம். 700 கெல்வினில் அது 1.075 ஆகிறது, 1000 கெல்வினில் 1.14, 1500 கெல்வினில் 1.21. நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் சூடேற ஏற அதிர ஆரம்பிக்கின்றன. ஊட்டும் ஆற்றலில் ஒரு பகுதி அந்த அதிர்வுக்குள் போய்விடுகிறது, வெப்பநிலையாக வெளியே தெரிவதில்லை. அறை வெப்பநிலை எண்ணை எரியறைக்குக் கொண்டுபோவது என்பது இந்த அதிர்வே இல்லை என்று சொல்வது.

ஒரு காலத்தில் இது பெரிய பிழையாக இருந்திருக்காது. சுவிட்சர்லாந்தின் நொய்ஷாட்டெல் நகரத்துக்காக பிரவுன் பொவேரி நிறுவனம் கட்டிய 4 மெகாவாட் கேஸ் டர்பைன்தான் பொதுப் பயன்பாட்டுக்கு மின்சாரம் தந்த முதல் கேஸ் டர்பைன். 1939 ஜூலையில் ஆரெல் ஸ்டொடோலா முன்னின்று நடத்திய சோதனையில் அதன் திறன் 17.4 சதவீதம் என்று பதிவானது. டர்பைனுக்குள் நுழைந்த வாயு சுமார் 550 டிகிரி செல்சியஸ்தான். 475 கெல்வினிலிருந்து அந்த 823 கெல்வின் வரை காற்றைச் சூடேற்றுவதாக வைத்துக்கொண்டால், அட்டவணைப்படி 370 கிலோஜூல், 1.005 படி 350 கிலோஜூல். ஐந்தரை சதவீத வித்தியாசம். அன்றைய அளவுகளுக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. 2011-இல் மிட்சுபிஷியின் ஜே வரிசை 1600 டிகிரி செல்சியஸ் நுழைவு வெப்பநிலையைத் தொட்டது. அங்கே இந்த எண்ணுக்கு வேலையே இல்லை.

இதற்கு நல்ல பயன் ஒன்று உண்டு. அழுத்த விகிதத்தைக் கூட்டினால் திறன் எப்படி மாறும், எந்த விகிதத்தில் நிகர வேலை உச்சம் தொடும் என்ற போக்குகளைக் காகிதத்தில் நாலு வரியில் வருவிக்க இதைவிட எளிய வழி இல்லை. முதல் தடவை பிரேட்டன் சுழற்சியை, அதாவது கேஸ் டர்பைனின் அடிப்படைச் சுழற்சியை, படிப்பவர் இதில்தான் தொடங்க வேண்டும். பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் தேர்வில் "தன்வெப்பம் மாறிலி" என்று கேள்வியே சொல்லிவிட்டால், சரி, அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை.

## காற்று அட்டவணை

வெப்ப இயக்கவியல் புத்தகத்தின் பின்னிணைப்பில் இருக்கும் அட்டவணையைத் திறந்தால் 1500 கெல்வினில் காற்றின் என்தால்பி 1636 கிலோஜூல், 700 கெல்வினில் 713.3. வித்தியாசம் 922.7. முதல் வழியைவிட 15 சதவீதம் அதிகம். தன்வெப்பம் மாறுவதால் வந்த பிழை முழுவதும் இதோடு தீர்ந்தது. வெளியேறும் வாயுவில் எரிபொருளின் நிறையும் சேர்ந்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்தால், ஒரு கிலோ காற்றுக்கு 19 கிராம் எரிபொருள் வருகிறது.

பார்க்கத் துல்லியமாக இருக்கிறது. இரண்டு தசம இடம் வரை எண்கள், இடைச்செருகல், எல்லாம் உண்டு. இதனாலேயே இதை நம்பிவிடுகிறார்கள். ஆனால் சரியான விடை 20.5 கிராமுக்குச் சற்று மேல். இன்னும் ஏழரை சதவீதத்துக்கும் மேல் பிசகு மிச்சமிருக்கிறது. காரணம் எளிது: வெளியே வருவதும் காற்றுதான் என்று இந்த வழி நம்புகிறது. ஹீட்டர் பாவனை இன்னும் உடையவில்லை.

இந்த அட்டவணைக்குச் சரியான இடம் கம்ப்ரசர். அங்கே உள்ளே போவதும் காற்று, வெளியே வருவதும் காற்று. எரியறைக்கு இதை எடுப்பதில் உழைப்புக்கேற்ற பலன் இல்லை என்பதே என் கருத்து. கையில் கணினி இல்லாத காலத்தில் இது நியாயமான சமரசமாக இருந்தது. இன்று அட்டவணையைப் புரட்ட ஆகும் நேரத்தில் நான்காவது வழியையே முடித்துவிடலாம்.

## இரண்டு மாறிலிகள்

பிரிட்டிஷ் பாடப்புத்தக மரபில் வளர்ந்த பொறியாளர்களுக்கு இது பழக்கமான வழி. காற்றுக்குத் தன்வெப்பம் 1.005, தன்வெப்ப விகிதம் (மாறா அழுத்தத் தன்வெப்பத்தை மாறாக் கனஅளவுத் தன்வெப்பத்தால் வகுத்தது) 1.4. எரிந்த வாயுவுக்கு 1.148, விகிதம் 1.333. நம் கல்லூரிகளிலும் ஜெட் எந்திரப் பாடத்தில் இந்த எண்கள் வரும்.

இதைப் பயன்படுத்துவதில் இரண்டு விதம் இருக்கிறது, அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு பெரிது. அவசரமாகச் செய்பவர் 1.148-ஐ 800-ஆல் பெருக்கி 918 என்று எழுதுவார். இது காற்று அட்டவணை தந்த 923-ஐ ஒட்டியே வருவதால், பரவாயில்லை, சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். எரிபொருள் நிறையைச் சேர்த்தாலும் 18.7 கிராம்தான் கிடைக்கும்.

முறையாகச் செய்பவர் அடிப்படை வெப்பநிலையாக 298 கெல்வினை எடுப்பார். நிகரக் கலோரி மதிப்பு அளக்கப்படுவது அந்த வெப்பநிலையில்தான். ஆகவே கணக்கு மூன்று படியாகப் போக வேண்டும். 700 கெல்வினில் வரும் காற்றை 298-க்கு இறக்கு. அது காற்று, 1.005. 298-இல் எரிபொருளை எரி. 50 மெகாஜூல் கிடைக்கும். எரிந்து வந்த வாயுவை 298-இலிருந்து 1500 வரை ஏற்று. அது காற்று அல்ல, 1.148. எண்களைப் போட்டால், காற்று கொண்டுவருவது 404 கிலோஜூல், வாயு கொண்டுபோவது கிலோவுக்கு 1380. எரிபொருள் 20.1 கிராம்.

சரியான விடையிலிருந்து இரண்டே சொச்சம் சதவீதம் குறைவு. வெப்பநிலைக்கேற்ப மாறாத இரண்டு எண்களை வைத்துக்கொண்டு, அட்டவணையை முந்திவிட்டது. உள்ளே போவதும் வெளியே வருவதும் வேறு வேறு வாயு என்பதை இந்த வழி ஒப்புக்கொள்கிறது. அதற்குக் கிடைத்த பலன் இது.

கொஞ்சம் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாயுவின் உண்மையான மதிப்பு 1380 அல்ல, 1416. காற்றின் உண்மையான மதிப்பு 404 அல்ல, 418. இரண்டும் குறைவாக இருப்பதால், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது பிழையில் ஒரு பகுதி தானாக அடிபட்டுப்போகிறது. வெளியேறும் வெப்பநிலையை 1900 கெல்வினுக்கு உயர்த்திப் பார்த்தால் இந்த அதிர்ஷ்டம் தீர்ந்துவிடும். அங்கே இந்த வழி 29.8 கிராம் என்கிறது, கலவை வழி 33 கிராம் என்கிறது. பத்து சதவீதம் போய்விட்டது. 1500 கெல்வினைச் சுற்றியும் அதற்குக் கீழும் இந்த எண்களை நம்பலாம். இன்றைய மிகச் சூடான இயந்திரங்களுக்கு நம்பக்கூடாது.

## கலவையைப் பிரித்துக் கணக்கிடுவது

இதில் ஹீட்டரே இல்லை. ஒரு மோல் மீத்தேன் எரியும்போது இரண்டு மோல் ஆக்சிஜன் மறைந்து, ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடும் இரண்டு மோல் நீராவியும் வருகின்றன. மிச்சமிருக்கும் ஆக்சிஜனும் நைட்ரஜனும் வெறுமனே சூடாகிப் போகின்றன.

298 கெல்வினிலிருந்து 1500 கெல்வின் வரை ஏற, ஒரு மோல் நைட்ரஜனுக்கு 38.4 கிலோஜூல் வேண்டும், ஆக்சிஜனுக்கு 40.6, நீராவிக்கு 48.2, கார்பன் டை ஆக்சைடுக்கு 61.7. இந்த நான்கு எண்களில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது. மறைந்துபோன இரண்டு மோல் ஆக்சிஜனைச் சூடேற்ற 81 கிலோஜூல் போதுமாக இருந்திருக்கும். அதன் இடத்தில் வந்தவற்றைச் சூடேற்ற 158 வேண்டும். கூடுதல் 77 கிலோஜூல். ஒரு மோல் மீத்தேன் தரும் ஆற்றலே 802 கிலோஜூல்தான். அதாவது எரிபொருள் தருவதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான பகுதியை, அது உண்டாக்கிய புதிய மூலக்கூறுகளே விழுங்கிக்கொள்கின்றன. காற்று அட்டவணை தவறவிட்டது இதைத்தான்.

கணக்கை முடித்தால், முழு எரிப்புக்குத் தேவையானதைப் போல 2.84 மடங்கு காற்று உள்ளே போகிறது. ஒரு கிலோ காற்றுக்கு 20.55 கிராம் மீத்தேன். ஒரு கிலோ காற்றுக்கு உண்மையில் "சேர்ந்த வெப்பம்" 1028 கிலோஜூல். முதல் வழி சொன்ன 804-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூறுகளின் என்தால்பிக்கு ஜானஃப் (JANAF) என்ற வெப்ப இயக்கவியல் தரவு அட்டவணைகள் இருக்கின்றன. கணினியில் போடுவதாக இருந்தால் நாசாவின் பல்லுறுப்புக் கோவைகள் இன்னும் வசதி. ஒவ்வொரு வாயுவுக்கும் ஏழு குணகம், பொதுவாக 1000 கெல்வினுக்குக் கீழே ஒரு தொகுதி, மேலே ஒரு தொகுதி. எக்செலில்கூட எழுதிவிடலாம். கோர்டனும் மெக்பிரைடும் நாசாவுக்காக எழுதிய சி.இ.ஏ. நிரல் பல ஆண்டுகளாக இத்துறையின் அளவுகோலாக இருக்கிறது. பைத்தான் தெரிந்தவருக்கு இலவச மென்பொருளான கான்டெரா போதும். என்தால்பியையும் அழுத்தத்தையும் மாறாமல் பிடித்துக்கொண்டு சமநிலை காணச் சொன்னால் வெளியேறும் வெப்பநிலை வந்துவிடும்.

சமநிலை என்று சொன்னதும் மூலக்கூறுச் சிதைவைப் பற்றிக் கேள்வி வரும். சரியான விகிதத்தில் கலந்த மீத்தேன்-காற்றை அறை வெப்பநிலையிலிருந்து எரித்தால், முழு எரிப்பு என்று வைத்து வரும் சுடர் வெப்பநிலை சுமார் 2328 கெல்வின். சிதைவைச் சேர்த்தால் 2226. அந்த நூறு கெல்வின், கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் பிற துணுக்குகளாகவும் பிரிவதற்குப் போய்விடுகிறது. ஆனால் நம் எடுத்துக்காட்டில் வெளியேறுவது 1500 கெல்வின், ஆக்சிஜனும் தாராளம். அங்கே சிதைவு பொருட்படுத்தத் தக்கதல்ல. முதன்மை எரிபகுதிக்குள் என்ன நடக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு உண்டாகும் என்று பார்ப்பவருக்குத்தான் அது தேவை. வெறும் வெப்பச் சமநிலைக்காக அதில் நேரம் செலவிட வேண்டாம்.

## தலைகீழாகக் கேட்டால்

மேலே கேட்டது வடிவமைப்பாளர் கேள்வி: வெப்பநிலை தெரியும், எரிபொருள் எவ்வளவு? மின்நிலையத்தில் இருப்பவருக்குக் கேள்வி பெரும்பாலும் தலைகீழாக வரும். எரிபொருள் ஓட்டத்தை மீட்டர் காட்டுகிறது. டர்பைன் நுழைவு வெப்பநிலையை நேரடியாக அளக்க வழியில்லை. அந்தச் சூட்டில் தெர்மோகப்பிள் நின்று பிழைக்காது. வெளியேறும் புகையின் வெப்பநிலை, கம்ப்ரசர் அழுத்தம் இவற்றை வைத்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஊகிக்கிறது. நாமும் சரிபார்க்க விரும்பினால் என்தால்பிச் சமநிலைதான் வழி.

உண்மையில் 1500 கெல்வினில் ஓடும் அதே இயந்திரம், அதே 20.55 கிராம் எரிபொருள். நான்கு வழிகளும் தரும் விடை இப்படி இருக்கும்:

| வழி | எரிபொருள், கிராம் (1500 கெல்வினுக்கு) | வெப்பநிலை, கெல்வின் (20.55 கிராமுக்கு) |
|---|---|---|
| ஒரே தன்வெப்பம் | 16.1 | 1723 |
| காற்று அட்டவணை | 19.0 | 1562 |
| இரண்டு மாறிலிகள், 298 அடிப்படை | 20.1 | 1520 |
| கலவை | 20.55 | 1500 |

முதல் வரியில் 223 கெல்வின் பிழை. டர்பைன் இறக்கையின் உலோக வெப்பநிலையில் சில பத்து டிகிரி கூடினாலே அதன் ஆயுள் பாதியாகும் துறை இது. அப்படிப்பட்ட இடத்தில் இந்த எண்ணை வைத்து ஒருவர் எந்த முடிவும் எடுக்க முடியாது. காற்று அட்டவணையின் 62 கெல்வின் பிழையும் அதே காரணத்தால் ஏற்கத்தக்கதல்ல.

எரிபொருள் பக்கம் பார்த்தால், விநாடிக்கு 100 கிலோ காற்று இழுக்கும் இயந்திரத்துக்கு முதல் வழியின் பிழை மணிக்கு 1.6 டன் மீத்தேன். இரண்டு மாறிலி வழியின் பிழை மணிக்கு 170 கிலோ சொச்சம். முதல் கட்ட மதிப்பீட்டுக்கு இரண்டாவது எண் தாங்கும். எரிவாயு ஒப்பந்தத்துக்குத் தாங்காது.

இதில் ஏமாற்றக்கூடிய இடம் திறன். ஒரே தன்வெப்ப வழி எரிபொருளை மட்டுமல்ல, டர்பைன் வேலையையும் குறைத்தே காட்டுகிறது. நம் எடுத்துக்காட்டில் டர்பைன் திறன் 89 சதவீதம் என்று வைத்து, குளிர்விப்புக் காற்றையும் அழுத்த இழப்பையும் விட்டுவிட்டால், முதல் வழியில் நிகர வேலை கிலோவுக்கு 320 கிலோஜூல், திறன் 39.8 சதவீதம். இரண்டு மாறிலி வழியில் 368, திறன் 36.6. திறனை மட்டும் ஒப்பிட்டால் மூன்று புள்ளி வித்தியாசம்தானே என்று தோன்றும். உண்மையில் திறன் என்ற பின்னத்தின் மேலேயும் (வேலை) கீழேயும் (எரிபொருள்) இருக்கும் இரண்டு பெரிய பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன. மாணவர் செயல்திட்டங்களில் "எங்கள் திறன் நிறுவனத்தின் விவரத்தாளோடு ஒத்துப்போகிறது" என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், எரிபொருள் ஓட்டமும் ஒத்துப்போகிறதா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான்.

## வழியைவிடப் பெரிதாகத் தவறக்கூடியவை

நான்காவது வழியை எடுத்தாலும், உள்ளே போடும் எண்கள் தவறாக இருந்தால் அந்தத் துல்லியம் வீண்.

முதலாவது கலோரி மதிப்பு. மீத்தேனின் நிகர மதிப்பு 50 மெகாஜூல், மொத்த மதிப்பு 55.5. ஒரு கிலோ மீத்தேன் எரிந்தால் இரண்டேகால் கிலோ நீர் உண்டாகிறது. அது ஆவியாகவே வெளியேறுவதால் அதன் மறைவெப்பம் நமக்குக் கிடைப்பதில்லை. எரியறைச் சமநிலையில் நிகர மதிப்புதான் வர வேண்டும். ஆனால் இந்தியாவில் இயற்கை எரிவாயு விலை மொத்தக் கலோரி மதிப்பின் அடிப்படையில் நிர்ணயமாகிறது. பில்லில் இருக்கும் எண்ணை அப்படியே தூக்கிக் கணக்கில் போட்டால் பதினோரு சதவீதம் பிழை. மூன்றாவது வழிக்கும் நான்காவதுக்கும் இடையே பார்த்த வித்தியாசத்தைப் போல ஐந்து மடங்கு அது.

இரண்டாவது ஈரப்பதம். 35 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கிலோ உலர் காற்றோடு 21 கிராம் நீராவி சேர்ந்து வருகிறது. அதையும் 700-இலிருந்து 1500 வரை ஏற்ற 40 கிலோஜூல் கூடுதலாக வேண்டும். 1028-க்கு முன்னால் அது நாலு சதவீதம். சென்னை பேசின் பிரிட்ஜ், ராமநாதபுரம் மாவட்டத்து வழுதூர் போன்ற கடலோரப் பகுதி நிலையங்களில் உலர் காற்று என்று வைத்துக் கணக்குப் போடுவது சரிவராது. கலவை வழியில் இன்னொரு கூறாக நீராவியைச் சேர்த்துவிடலாம். மற்ற மூன்று வழிகளில் அதற்கு இடமே இல்லை. அந்த வழியை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எரிவாயுவை எரியறைக்கு அனுப்பும் முன் 200 டிகிரி அளவுக்குச் சூடாக்கும் நிலையங்களில் எரிபொருளின் சொந்த என்தால்பியும் சேர வேண்டும். அது கலோரி மதிப்பில் ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. எரிப்புத் திறன் முழுச் சுமையில் 99 சதவீதத்துக்கு மேல் இருக்கும், அதனால் பெரிய கவலை இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது "நுழைவு வெப்பநிலை" என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த இடம் இருக்கிறது என்பது. எரியறை வாசலில் ஒரு வெப்பநிலை. முதல் நிலையான இறக்கைகளின் குளிர்விப்புக் காற்று கலந்து, முதல் சுழல் இறக்கைக்கு முன்னால் இன்னொரு வெப்பநிலை, அது குறைவு. ஐ.எஸ்.ஓ. 2314 வரையறுக்கும் மூன்றாவது ஒன்றும் உண்டு: கம்ப்ரசர் இழுத்த காற்று முழுவதும் எரியறை வழியாகவே போனதாகப் பாவித்து, மொத்த வெப்பச் சமநிலையிலிருந்து பெறப்படும் கற்பனை வெப்பநிலை. அது இன்னும் குறைவு. ஒரே இயந்திரத்தில் இவற்றுக்கிடையே நூறு டிகிரிக்கு மேலும் இடைவெளி வரலாம். விவரத்தாளில் பார்த்த எண் எது என்று தெரியாமல் என்தால்பியை மூன்றாம் தசமம் வரை கணக்கிடுவதில் பொருளில்லை.

## எனவே, யார் எதை எடுப்பது

பிரேட்டன் சுழற்சியைப் புதிதாகப் படிப்பவர், போக்குகளை மட்டும் பார்க்க விரும்புபவர்: ஒரே தன்வெப்பம். விடையின் பக்கத்தில் "குளிர்காற்று அனுமானம்" என்று எழுதிவைத்தால் போதும்.

முதல் கட்ட வடிவமைப்பு, பல மாற்றுகளை வேகமாக ஒப்பிடும் விரிதாள், வெளியேறும் வெப்பநிலை 1500 கெல்வினை ஒட்டியோ அதற்குக் கீழோ: இரண்டு மாறிலிகள், ஆனால் 298 கெல்வின் அடிப்படையில் மூன்று படியாக மட்டும். 1.148-ஐ 800-ஆல் பெருக்கும் குறுக்குவழி வேண்டாம். அப்படிச் செய்வதானால் இந்த வழியில் இருக்கும் நன்மையே போய்விடும்.

காற்று அட்டவணையை எரியறைக்கு எடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. தேர்வில் அட்டவணையைக் கொடுத்து அதன்படி செய்யச் சொன்னால் செய்யுங்கள். கம்ப்ரசருக்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

செயல்திறன் சோதனை, எரிபொருள் கணக்கு, இறக்கை ஆயுள், 1600 கெல்வினுக்கு மேல் போகும் எந்த இயந்திரமும், ஹைட்ரஜன் கலந்த எரிவாயு, நாப்தா என்று எரிபொருள் மாறும் எந்தச் சூழலும்: கலவை வழி மட்டுமே. கடைசியில் சொன்னதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 1.148 என்ற எண் ஹைட்ரோகார்பன் எரிபொருளும் ஏராளமான காற்றும் எரிந்த வாயுவுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஹைட்ரஜனை எரித்தால் வருவதில் கார்பன் டை ஆக்சைடே இல்லை, நீராவி மட்டும்தான். அங்கே அந்த எண்ணைப் போடுவதற்கு எந்த அடிப்படையும் கிடையாது.

கல்லூரிச் செயல்திட்டமாக இருந்தாலும், கையில் மடிக்கணினி இருந்தால் நேராக இதற்கே போய்விடலாம் என்பேன். முதலில் நான்கு கூறுகளுக்கும் எண்களை எடுத்து, மேலே இருக்கும் மீத்தேன் கணக்கைக் காகிதத்தில் ஒரு முறை போடுங்கள். 20.55 கிராம் வர வேண்டும். வந்தபிறகு அதையே கான்டெராவில் ஓட்டுங்கள். காற்றில் ஆர்கானைச் சேர்த்தீர்களா இல்லையா என்பதைப் பொறுத்துக் கடைசி இலக்கம் கொஞ்சம் ஆடும். அதற்கு மேல் ஆடினால் எரிபொருளின் நுழைவு வெப்பநிலையை முதலில் சரிபாருங்கள்.